சூப்பர்வைசர்களுக்குச் சேஃப்டி பயிற்சி: தரமணிக்கு அனுப்புவதா, ஆலைக்கே வரவழைப்பதா?

தொட்டிக்குள் ஆள் இறங்க அனுமதி தரும் அந்தப் பெர்மிட் தாளில் ஆக்சிஜன் அளவு எழுத மூன்று கட்டங்கள் உண்டு. தொட்டியின் மேல்மட்டம், நடு, அடி. மூன்றிலும் 20.9 என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. 20.9 விழுக்காடு என்பது வெளிக்காற்றில் இருக்கும் அளவு. இரண்டு மாதமாக மூடிக் கிடந்த 14 அடி ஆழக் கழிவுநீர் சம்பின் அடியிலும் அதே அளவு இருக்குமா? எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேஸ் மீட்டரை வாங்கி, அதன் ரப்பர் குழாயை நானே இறக்கினேன். குழாய் வழியாகக் காற்று மேலே வந்து சேர ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். மேலே 20.8. நடுவில் 20.1. குழாயின் முனை அடிக்குப் போனதும் மீட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. ஆக்சிஜன் 18.2, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு 38 பிபிஎம், அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 38 பங்கு. ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பெரும்பாலான மீட்டர்கள் 10 பிபிஎம்மிலேயே மணி அடிக்கும். ஏணி ஏற்கெனவே உள்ளே இறக்கப்பட்டிருந்தது. ஹெல்பர் தம்பி கையுறையை மாட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

அந்தத் தாளைப் பூர்த்தி செய்த சூப்பர்வைசர் மூன்று மாதத்துக்கு முன்புதான் ஒரு பயிற்சி முடித்து வந்தவர். அந்தச் சான்றிதழ் எங்கள் ஆபீஸ் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. "பயிற்சியில மீட்டரைக் கையில குடுத்தாங்களாண்ணே?" என்று கேட்டேன். "படத்துல காட்டினாங்கம்மா" என்றார்.

நானும் என் கூடப்பிறந்த தம்பியும் கடலூரில் ஃபேப்ரிகேஷன், பராமரிப்பு வேலை எடுத்துச் செய்கிறோம். 42 பேர், அதில் நால்வர் சூப்பர்வைசர்கள். குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கத்துச் சிப்காட் ஆலைகளில்தான் பெரும்பாலான வேலை. ஆண்டுக்குச் சில மாதம் புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கும் ஆட்கள் போவார்கள். அந்தச் சம்புக்குப் பிறகுதான், சூப்பர்வைசர்களுக்கும் முதலாளிகளான எங்களுக்கும் எந்தப் பயிற்சி சரியானது என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாக விசாரித்தோம். அதில் தெரிந்துகொண்டதை, எங்களைப் போலவே முடிவெடுக்க வேண்டியிருக்கும் சிறு நிறுவனத்துக்காரர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் முதலாளியின் கணக்கு

பலரும் இது சூப்பர்வைசர் விஷயம், சேஃப்டி ஆபீசர் விஷயம் என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1984ல் போபாலில் நடந்ததற்குப் பிறகு, 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தொழிலாளியின் பாதுகாப்புக்குத் தேவையான தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை நான்கையும் கொடுக்க வேண்டியவர் ஆலையின் உடைமையாளர் என்று அது சொன்னது. கூட்டு நிறுவனமென்றால் பங்குதாரர்களில் ஒருவர், கம்பெனியென்றால் இயக்குநர்களில் ஒருவர்தான் அந்த உடைமையாளர். மேனேஜரைக் காட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்பதை 1996ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதே திருத்தத்தில் வந்த 111ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளியின் உரிமை என்றே எழுதியது.

2020ல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சேஃப்டி ஆபீசர் கட்டாயம் என்ற எல்லை முன்பு 1,000 தொழிலாளர்களாக இருந்தது. இப்போது 500. அபாயகரமான செய்முறை உள்ள ஆலைக்கு 250. நாங்கள் 42 பேர், எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் கட்டாயம் இல்லாத இடத்தில்தான் ஆபத்து அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய ஆலையில் சேஃப்டிக்கென்று தனித்துறையே இருக்கும். எங்களைப் போன்ற இடத்தில் சூப்பர்வைசர்தான் சேஃப்டி ஆபீசர், ஃபர்ஸ்ட் எய்டு ஆள், தீயணைப்பு ஆள் எல்லாம்.

நம் மாவட்டத்துக்கு இதையெல்லாம் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. 6 பேர் அன்றே போனார்கள், மருத்துவமனையில் இறந்தவர்களோடு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 2021 மே 13 அன்று சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலை வெடிப்பில் 4 பேர். அன்று காலை எங்கள் ஆட்கள் அதே சாலையில் இன்னொரு ஆலைக்குள் இருந்தார்கள். புகையைப் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றதாக அப்புறம் சொன்னார்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும் என்பது இரண்டு நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கக்கூடியது. நாங்கள் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

தரமணி

சென்னை தரமணியில் மண்டலத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது. மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள டிஜிஃபாஸ்லி என்ற தொழிற்சாலைப் பாதுகாப்பு ஆலோசனை அமைப்பின் கிளை அது. அங்கே நடக்கும் பயிற்சிகளில் இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று, ஓராண்டு படிக்கும் தொழிலகப் பாதுகாப்பு மேல்நிலை டிப்ளமா. ஏடிஐஎஸ் என்பார்கள். அது சேஃப்டி ஆபீசர் ஆகப் போகிறவருக்கு. இன்னொன்று, அபாயகரமான செய்முறை உள்ள ஆலைகளின் மேற்பார்வையாளர்களுக்கான ஒரு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி. போபாலுக்குப் பிறகு தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த 41சி பிரிவை ஒட்டி வந்தது. நமக்கு வேண்டியது இதுதான்.

விசாரித்தவரை ஆழத்தில் இதற்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. நச்சுப்பொருள் உடம்பில் எப்படி வேலை செய்கிறது, தீப்பிடிக்கும் எல்லை எது, ரியாக்டரில் வெப்பம் கட்டு மீறினால் என்ன ஆகும், விபத்தை எப்படி விசாரிப்பது என்று அடியிலிருந்து வரும். கருவிகளைக் கையில் எடுத்துப் பார்க்கவும் வாய்ப்புண்டு. வேறு ஆலைகளிலிருந்து வந்தவர்களோடு ஒரு மாதம் ஒன்றாக உட்காரும்போது, அவர்கள் இடத்தில் நடந்த விபத்துக் கதைகளும் சேர்ந்து வரும். எங்கள் மூத்த சூப்பர்வைசர் போய்விட்டு வந்த பிறகு மூன்று மாதத்துக்கு மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் கதைகள்தான். பாடத்தைவிட அவைதான் மற்ற ஆட்களிடம் அதிகம் போய்ச் சேர்ந்தன என்பேன்.

சங்கடங்களையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் என்றால் வேலை நாள் ஏறத்தாழ 26. நான்கு சூப்பர்வைசர் வைத்திருப்பவர் ஒருவரை அத்தனை நாள் விடுவது லேசான காரியமில்லை. கடலூரிலிருந்து நாள்தோறும் போய்வரக் கூடிய தூரமும் இல்லை. தங்க வைக்க வேண்டும், குடும்பம் இங்கே இருக்கும். படிப்புத் தகுதியும் பார்ப்பார்கள். ஐடிஐ முடித்து ஃபிட்டராகச் சேர்ந்து, கையாலேயே கற்றுக்கொண்டு மேலே வந்த ஒருவருக்கு இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் நால்வரில் மிகச் சிறந்தவர் அப்படிப்பட்டவர்தான். அவர் பெயரை அனுப்ப முடியவில்லை.

ஒரே ஒருவர் போய்விட்டு வந்தால் அது அவரோடு நின்றுவிடும் என்பதும் இருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போனால் பயிற்சியும் கூடவே போகும். பயிற்சி கொடுத்தால் ஆள் போய்விடுவான் என்று பயந்து பலர் அனுப்புவதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பயிற்சி இல்லாமலே இருபது வருடம் நம்மிடம் இருந்து சம்புக்குள் ஆளை இறக்குவது அதைவிட மோசம்.

மூன்று நாள் பயிற்சிகள்

தேசியப் பாதுகாப்புக் குழு 1966 மார்ச் 4 அன்று தொடங்கப்பட்டது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள் ஆனது அதனால்தான். அதன் தமிழ்நாடு கிளையும் வேறு சில அமைப்புகளும் இரண்டு நாள், மூன்று நாள் பயிற்சிகள் நடத்துகின்றன. தலைப்பு வாரியாக இருக்கும்: உயரத்தில் வேலை, மின் பாதுகாப்பு, பெர்மிட் முறை, விபத்து விசாரணை. நமக்கு என்ன குறை என்று தெரிந்தால் அதற்கு மட்டும் ஆளை அனுப்பலாம். அது நல்ல வசதி. எல்லாவற்றையும் மூன்று நாளில் சொல்லித்தரும் பொதுப் பயிற்சிக்கு அனுப்பினால், எங்களுக்கு நடந்ததுபோல மீட்டரைப் படத்தில் பார்த்துவிட்டு வருவார்கள். 60 பேர் உட்காரும் ஹோட்டல் ஹாலில் வேறென்ன செய்ய முடியும்? பதிவு செய்யும் முன் ஒரு தொகுதியில் எத்தனை பேர் என்று மட்டும் கேளுங்கள், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நெபோஷ், ஐயோஷ் வகையறா

வளைகுடா போன அனுபவம் உள்ளவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் மாவட்டம் இது. அதனால் நெபோஷ் என்ற பெயர் இங்கே நன்றாகத் தெரியும். 1979ல் பிரிட்டனில் தொடங்கிய தேர்வு அமைப்பு அது. அதன் சர்வதேசப் பொதுச் சான்றிதழ் உண்மையிலேயே நல்ல படிப்பு. அபாய மதிப்பீட்டை நம் சொந்த வேலையிடத்துக்கே எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதற்கு ஆங்கிலத்தில் நான்கைந்து பக்கம் யோசித்து எழுதத் தெரிய வேண்டும். தமிழில் மணிக்கணக்காக விளக்கக்கூடிய சூப்பர்வைசர் அந்தத் தேர்வில் தோற்றால், அவர் அறிவு குறைந்துவிட்டதா? செலவும் அதிகம். முடித்தவருக்கு வெளிநாட்டு வேலை கிடைக்க வழி திறக்கும் என்பதால் அவருக்கு நல்லது. அதைச் சந்தோஷமாகச் செய்யலாம், அவர் முன்னேற்றத்துக்காகச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

ஐயோஷ் பிரிட்டனின் இன்னொரு பாதுகாப்பு அமைப்பு. மேனேஜர், சூப்பர்வைசர்களுக்கான அதன் பயிற்சி மூன்று நான்கு நாள்தான். தேர்வு பயமும் குறைவு. முதலாளிக்கு இதைச் சிபாரிசு செய்வேன். அபாயத்தை நிர்வாகத்தின் கண்ணால் பார்க்கச் சொல்லித்தருகிறது. அதாவது முதலில் அபாயத்தையே ஒழிக்க முடியுமா, இல்லையென்றால் குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கு மாற முடியுமா, அப்புறம் இயந்திர ஏற்பாடு, அப்புறம் நடைமுறை, கடைசியில்தான் ஹெல்மெட்டும் கையுறையும் என்ற வரிசை. நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக ஓடுகிறது. ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நானே பல வருடம் இருந்தேன்.

அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் பெயரில், 30 மணி நேர ஓஷா அட்டை என்று இங்கே விற்கப்படுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தத் திட்டம் அமெரிக்காவில் வேலை செய்பவர்களுக்கு, அந்த நாட்டுச் சட்டத்தை ஒட்டி அமைந்தது. 10 மணி நேரம் தொழிலாளிக்கு, 30 மணி நேரம் சூப்பர்வைசருக்கு. இங்கே அந்தப் பெயரில் பணம் கட்டும் முன் யார் தருகிறார்கள், எதை ஒட்டித் தருகிறார்கள் என்று நன்றாக விசாரியுங்கள். ஆறு மாத ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமாக்கள் பலவும் சட்டப்படி சேஃப்டி ஆபீசராக நியமிக்கப் போதாதவை. பையன்கள் கடன் வாங்கிச் சேர்ந்துவிட்டுத் தவிப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

இணையத்தில் மட்டும் படித்துச் சான்றிதழ் இறக்கிக்கொள்வதை நான் பயிற்சியாகச் சேர்க்கவில்லை. தொடக்க அறிமுகத்துக்குச் சரி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2014 ஜூலை 1 முதல் ஒவ்வொரு சூப்பர்வைசரும் பொறுப்பேற்ற ஒரு வாரத்துக்குள் அடிப்படை விழிப்புணர்வுப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை இணையத்திலேயே முடித்துவிடலாம். டொரண்டோவில் கிடங்கு சூப்பர்வைசராக இருக்கும் என் நாத்தனார் மகன் ஒரு மணி நேரத்தில் முடித்ததாகச் சொன்னான். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் தெரிந்துகொண்டது தன் பொறுப்பு எது, தொழிலாளியின் உரிமை எது என்பதை. ஃபோர்க்லிஃப்டை எப்படிக் கையாள்வது என்பதை ஒரு மாதம் கழித்துக் கிடங்கில்தான் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டும் வேறு என்று அங்கே தெளிவாக வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாரக் கெடு நல்ல பழக்கம், அதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

வேலை கொடுக்கும் ஆலையின் கேட்டில் நடக்கும் இண்டக்‌ஷனை நம்பி இருக்கும் கான்ட்ராக்டர்களும் உண்டு. அரை மணி நேர வீடியோ, கையெழுத்து, பாஸ். அந்த ஆலையின் அபாய ஒலி எது, கூடும் இடம் எது என்று தெரிந்துகொள்ள அது வேண்டும். அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

ஆலைக்கே வரவழைப்பது

கடைசியில் எங்கள் பணத்தில் பெரும்பகுதியை இதில்தான் போட்டோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பயிற்சியாளரைத் தேடும்போது மூன்று விஷயம் கேட்டோம். பயிற்சிக்கு முந்தைய நாள் வந்து எங்கள் ஆட்களோடு ஷெட்டையும் சைட்டையும் சுற்றிப் பார்ப்பீர்களா? எங்கள் பெர்மிட் தாள், எங்கள் விபத்துப் புத்தகம் இவற்றை வைத்தே நடத்துவீர்களா? ஒவ்வொருவரும் தன் கையால் செய்யும்படி 12 பேருக்கு மேல் சேர்க்காமல் இருப்பீர்களா? முதல் இரண்டு பேர் தங்கள் ஸ்லைடுகள் தயாராக இருக்கின்றன என்றார்கள். மூன்றாமவர் சிப்காட்டிலேயே ஓர் ஆலையில் சேஃப்டி பார்த்து ஓய்வு பெற்றவர். "புத்தகத்தை முதல்ல அனுப்புங்கம்மா, படிச்சுட்டு வர்றேன்" என்றார். அவரையே வைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் முழுக்க உட்கார வைக்கவில்லை. மூன்று அரை நாள், காலை 8 மணி முதல் 12 மணி வரை. நைட் ஷிப்ட் முடித்தவரை அன்று காலை உட்கார வைத்தால் தூங்கத்தான் செய்வார். அவருக்கு முந்தைய இரவு ஷிப்ட் போடாமல் விட்டோம், சம்பளத்தைப் பிடிக்கவில்லை. நான்கு பேருக்கு மொத்தம் ஆறு ஆள்நாள். தரமணிக்கு ஒருவர் போனதற்கு 26 ஆள்நாள். கணக்கை இப்படிப் போட்டுப் பார்த்தால் எதை எப்போது செய்யலாம் என்று தெரியும்.

முதல் அரை நாள் முழுக்க மீட்டர்தான். எல்லோரும் ஆளுக்கொரு முறை, எங்கள் ஷெட் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியில் குழாயை இறக்கி மூன்று மட்டத்திலும் அளந்து, நேரத்தோடு எழுதினார்கள். நல்ல காற்றில் மீட்டரை ஆன் செய்து சரிபார்ப்பது, அப்புறம் குழாய் நீளத்துக்கு ஏற்பப் பொறுத்திருப்பது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் போய்த் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும், ஆனால் 100 பிபிஎம் பக்கம் போனால் மூக்கே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயு போய்விட்டது என்று நினைத்து இறங்குபவன் அங்கேதான் விழுகிறான். இதை அவர் சொன்னபோது ஷெட்டில் ஒரு சத்தமில்லை.

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். உள்ளே இறங்கிய ஆள் மயங்கி விழுகிறான், மேலே நிற்பது நீங்கள், என்ன செய்வீர்கள்? நால்வரும் ஒரே குரலில் "இறங்கித் தூக்குவோம் சார்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கூட வேலை செய்யும் பையன் கண்ணெதிரே விழுந்தால் யாருக்கும் கால் தானாகவே ஏணியைத் தேடும். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் நியோஷ் ஆய்வு நிறுவனம் 1986லேயே எச்சரித்திருக்கிறது. நம் ஊரில் செப்டிக் டேங்க் செய்திகளைப் படிப்பவருக்கு இதற்கு வெளிநாட்டுக் கணக்கே தேவையில்லை. முதலில் ஒருவர், அவரைத் தூக்கப் போன தம்பி, அவர்களைத் தேடிப் போன மூன்றாமவர் என்றுதான் எப்போதும் இருக்கும். பதில் என்னவென்றால், இறங்கும் முன்பே அவன் உடம்பில் பெல்ட்டும் கயிறும் இருக்க வேண்டும், மேலே முக்காலியும் (மூன்று கால் ஸ்டாண்டு) கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் இருக்க வேண்டும். மேலிருந்தே இழுக்க வேண்டும். அது இல்லையென்றால் அன்று வேலையே இல்லை.

இரண்டாம் நாள் கூரை. இதை வெளியூர்ப் பயிற்சி எதிலும் நான் பார்க்கவில்லை, எங்களுக்கு இதுதான் சோறு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அதன் பின் மாதக்கணக்காக எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாற்றும் வேலைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும் அப்படியே. மழையில் ஊறிய பழைய ஷீட் பார்க்கத் திடமாக இருக்கும், கால் வைத்தால் உடைந்து கீழே கொண்டுபோய்விடும். தாங்கு பலகை போட்டு, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லின் மேலே நடந்து, பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று கூரை மேலேயே வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பெல்ட் மாட்ட இடமே இல்லாத கூரைகளில் முதலில் கம்பிக் கயிறு கட்ட வேண்டும் என்பதும், அந்தச் செலவை விலைப்புள்ளியில் தனியாக எழுத வேண்டும் என்பதும் அன்றுதான் எனக்கே உறைத்தது. புயலுக்கு முந்தைய நாள் எந்த ஸ்விட்ச் போர்டை அணைப்பது, டிரம்களை எங்கே ஏற்றி வைப்பது என்பதையும் சேர்த்துக்கொண்டோம்.

மொழிதான் நாங்கள் தடுக்கி விழுந்த இடம். எங்கள் 42 பேரில் 11 பேர் பீகாரும் ஒடிசாவும். சூப்பர்வைசருக்குத் தமிழில் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும், அவர் காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புப் பேச்சில், டூல்பாக்ஸ் மீட்டிங் என்பார்கள், அந்தப் பதினொரு பேருக்கு என்ன சொல்லப் போகிறார்? அவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஐந்து வருடமாக இங்கே இருந்து தமிழ் நன்றாகப் பேசும் ஒரு பீகார் ஃபிட்டரை மூன்றாவது அரை நாளில் சூப்பர்வைசர்களோடு உட்கார வைத்தோம். இப்போது காலை மீட்டிங்கை அவர் இந்தியில் திருப்பிச் சொல்கிறார், அதற்கு மாதம் ஒரு தொகை தருகிறோம். ஒடியா மட்டும் தெரிந்த இருவருக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. இப்போதைக்குச் செய்து காட்டுகிறோம், திருப்பிச் செய்யச் சொல்கிறோம்.

வரவழைக்கும் பயிற்சியில் குறையும் இருக்கிறது. அதற்குச் சட்டத்தின் முன் தரமணிச் சான்றிதழின் எடை இல்லை. நம் இடத்திலேயே உட்கார்ந்திருப்பதால் பத்து நிமிடத்துக்கு ஒரு போன். கடைசி நாள் இரண்டு பேரை சைட்டிலிருந்து அவசரம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். வெளி ஆலைகளின் அனுபவமும் வராது. பயிற்சியாளர் எவ்வளவோ அவ்வளவுதான் பயிற்சி.

தம்பி உட்காராத விளைவு

முதல் தொகுதியில் நான் மட்டும் உட்கார்ந்தேன். தம்பி வேலை இருக்கிறது என்று போய்விட்டான். அடுத்த மாதமே ஒரு சனிக்கிழமை, வேறொரு ஆலையில் ஒரு பழைய டேங்க்கில் வெல்டிங். மீட்டரில் எரிவாயு அளவு காட்டியதும் எங்கள் சூப்பர்வைசர் வேலையை நிறுத்திவிட்டார். ஆலை இன்ஜினீயர் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, "எப்படியாவது முடிச்சுக் குடுத்துடுங்கண்ணே, திங்கக்கிழமை பில் போகணும்" என்று சொல்லிவிட்டான். அவர் மறுத்துவிட்டார். நல்லவேளை. மறுக்காமல் இருந்திருந்தால் அவரைக் குறை சொல்ல யாருக்கும் யோக்கியதை இருந்திருக்காது. மூன்று அரை நாள் பயிற்சியை ஒரு நிமிடப் போனில் கலைத்துவிடப் பார்த்தோம். தம்பிக்கே அது தெரிந்து வருத்தப்பட்டான், அடுத்த தொகுதியில் முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

அதன் பிறகு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் தயாரித்தோம். ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்த இவருக்கு முழு அதிகாரம் உண்டு, அதற்காக அவர் மேல் நடவடிக்கை இருக்காது என்று எழுதி நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். நால்வர் சட்டைப் பையிலும் லேமினேட் செய்த நகல் இருக்கிறது. அதுவும் போதவில்லை. வேலை நின்றால் தினக்கூலி ஆட்களுக்கு அன்றைய கூலி போகும், அப்போது நிறுத்தாதீர்கள் என்று கேட்பது அவர்களாகவே இருக்கும். ஆகவே நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்று அறிவித்தோம். புதிய வேலை ஆணைகளில் காத்திருப்பு நேரத்துக்கான கட்டணத்தையும் எழுதிக் கேட்கிறோம். சில ஆலைகள் ஒப்புக்கொண்டன. ஒன்று எங்களை விட்டுவிட்டு வேறு கான்ட்ராக்டரிடம் போய்விட்டது. எந்தப் பயிற்சி நிலையமும் இந்த அதிகாரத்தைக் கொடுக்க முடியாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலாளி அரை நாளாவது கூட உட்காராவிட்டால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்துவிடலாம் என்பதுதான் என் கருத்து.

யாருக்கு எது

பத்து, பதினைந்து பேர் வைத்திருப்பவர் தனியாகப் பயிற்சியாளரைக் கூப்பிட வேண்டியதில்லை. பக்கத்து இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆளை வரவழைத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். லேத், வெல்டிங் பட்டறை என்று ஒரே மாதிரி வேலையாக இருந்தால் மிகவும் பொருந்தும். முதலுதவிக்கு ரெட் கிராஸ், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பயிற்சிகள் இருக்கின்றன, அதில் இருவரையாவது சேர்த்துவிடுங்கள்.

எங்களைப் போல் நாற்பது, ஐம்பது பேர் என்றால் ஒருவர் தரமணி, எல்லோருக்கும் ஆலையிலேயே அரை நாள்கள், முதலாளிகளில் ஒருவர் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி. இந்தக் கலவை எங்களுக்குச் சரியாக வந்திருக்கிறது. ரசாயன ஆலையே நடத்துபவர் என்றால் தரமணியைத் தள்ளிப்போடவே கூடாது. தகுதியுள்ள எல்லா ஷிப்ட் இன்சார்ஜ்களையும் வருடத்துக்கு ஒருவராக அனுப்புங்கள். ஆண்டுப் பயிற்சி அட்டவணை வந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பார்ப்பதை அங்கே பார்ப்பது தொழிற்சாலைகள், கொதிகலன்கள் ஆய்வாளர் அலுவலகம். கடலூரில் கேட்டு வந்த பதிலை அங்கே அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்றியப் பிரதேச விதிகள் தனி. புதிய தொகுப்புச் சட்டத்துக்கு மாறும் இந்தக் காலத்தில் இரண்டு அலுவலகங்களிலும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீட்டர், கயிறு, கூரை மூன்றையும் திரும்பச் செய்து பார்க்கிறோம். இந்த ஆண்டு இரண்டாவது ஆளைத் தரமணிக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் முக்காலியும் வின்ச்சும் வாங்கினோம். வந்த அன்றே ஷெட்டின் பின்னால் நிறுத்தி, ஒரு மூட்டை மணலைத் தொட்டிக்குள் இறக்கி இழுத்துப் பார்த்தார்கள். அடுத்த முறை மூட்டைக்குப் பதில் ஹெல்பர் தம்பியே பெல்ட் மாட்டிக்கொண்டு தொங்கினான். தரமணிக்குப் போக வேண்டியவர், மகளின் பிளஸ் டூ தேர்வு முடியட்டும் என்று கேட்டிருக்கிறார். அடுத்த தொகுதிக்கு அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறோம்.